நாமினி வரும் நேரம்

இறந்து பதினொரு வருடமான கணவர் தினமும் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், அவளுடைய ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் நாமினியாக இன்னும் அவர் பெயரே இருந்ததுதான். கணக்குக்கு உரியவர் காலமாகும்வரை நாமினி காத்திருக்க வேண்டும், அவர் காத்திருந்தார். வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால்சட்டையில் மாட்டிய கிளிப்பைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். எட்டு மணிக்கு அவள் பாத்திரம் கழுவி நிமிரும்போது போயிருப்பார். இறந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வருகிறவருக்கு இருபத்தொன்பது. படிவத்தில் வயது என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தது அதைத்தான்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் படிவத்தை நிரப்பினாள். அன்று மாலை வெளியே வந்தபோது அவர் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். இப்போது அவருக்குத் தினமும் அதே நாள்தான். அவள் தலையின் வெள்ளையைப் பார்த்து, "என்ன, முதல் நாளே உன்னைச் சுண்ணாம்பு அடிக்க விட்டுட்டாங்களா?" என்பார். "ஆமாங்க" என்பாள். பதினொரு வருடமாக அதே கேள்வி, அதே பதில். பக்கத்து வீட்டு டீச்சர் அவரை அக்கா மகன் என்று நினைத்துப் பெண் பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டாள். விஷயம் தெரிந்ததும், "பரவாயில்லக்கா, உங்க வீட்டுக்காரராவது நேரத்துக்கு வர்றாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கே சில நாள் வாய் தவறி "ஏம்ப்பா" என்று வந்துவிடும். பெயரை மாற்றாததற்கு முதல் வருடம் துக்கம் காரணம், இரண்டாம் வருடம் சோம்பல். மூன்றாம் வருடத்திலிருந்து அவர் வருவதைத் தவிர வேறு காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தாள்.

பிள்ளைகள் இல்லை. தன் காலத்துக்குப் பிறகு எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் விடுதிக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தாள். நோயாளிகளின் உறவினர்கள் காசு கொடுக்காமல் தங்கும் அறக்கட்டளை விடுதி அது. ஆறு கட்டில்கள், பை மாட்ட ஆணிகள், எந்நேரமும் வெந்நீர். அவர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த நாற்பத்தோரு நாளும் விடுதியின் ஜன்னலோரக் கட்டிலில் அவள் படுத்திருக்கிறாள். பதினோராம் வருடம் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்று கொடுக்க அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உயில் எழுதினா வீடு போகும்மா, நகை போகும். இந்தக் கணக்கு உயில் பேச்சைக் கேக்காது. படிவத்துல இருக்கிற பேருக்குத்தான் போகும். இவர் இல்லைனு இங்கே குறிச்சிருக்கு. அப்ப பணம் யாருக்கும் போகாம இங்கயே கிடக்கும்." கோப்பை மூடிக்கொண்டே, "வர்றாரா?" என்று கேட்டார்.

"தினமும்."

"மாத்தாம விட்டா வருவாங்க. எங்க பழைய வாட்ச்மேனுக்கு அவங்கம்மா வந்துட்டிருந்தாங்க. மாத்தினதும் நின்னுட்டாங்க."

அவளிடம் இருந்ததிலேயே பெரியது அந்தக் கணக்குதான். விடுதியின் மாடியில் கூரை இல்லாமல் இன்னொரு அறை பாதியில் நின்றது. இடமில்லாதவர்கள் நடைபாதையில் துண்டு விரித்துப் படுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். புதுப் படிவத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்தாள். அவர் வந்தார். சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டார்.

"இல்லங்க. நரைச்சுப் போச்சு" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தன் சாவைப் பற்றி இருபத்தொன்பது வயதில் கேட்பவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்திருந்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்த நாப்பத்தோரு நாளும் நீ எங்க தூங்கினே?" என்று மட்டும் கேட்டார். விடுதியைப் பற்றிச் சொன்னாள். விடிகாலையில் யாராவது தோளைத் தொட்டு எழுப்புவார்கள், வார்டு திறக்கும் நேரமாயிற்று என்று. எழுப்பியவர் பெயர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப அவங்க பேரை எழுது. என் பேரு எதுக்கு அங்க?"

"எழுதினா நீங்க வர மாட்டீங்க. ஒரு அஞ்சு சதவீதம் உங்க பேர்ல வெச்சுக்கறேனே."

"அஞ்சு சதவீதத்துக்கு என்ன வரும்? மீசை மட்டும் வந்து உக்காருமா?"

இருவரும் சிரித்தார்கள். மறுநாள் காலை அவள் படிவத்தைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போகவில்லை. மாலை அவர் எல்லாம் மறந்து வந்து சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இப்படி நான்கு மாலைகள். ஒவ்வொரு முறையும் தன்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவள் எங்கே தூங்கினாள் என்றுதான் கேட்டார். கூட வாழ்ந்த இருபது சொச்சம் வருடங்களில் இவரை இவ்வளவு தெரிந்துகொண்டோமா என்று யோசித்தாள். இதற்கு மேல் ஒருமுறை அவரைக் கேட்க வைத்தால் அது தன் ஆசைக்காக மட்டுமே என்று தோன்றியது. ஐந்தாம் நாள் போய், நூறு சதவீதம் என்று எழுதி, விடுதியின் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். குமாஸ்தா முத்திரை குத்தினார்.

அன்று மாலை ஐந்தரைக்குச் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்க்காமல் சமையலறையில் நின்றிருந்தாள். ஐந்தே முக்காலுக்குப் பின்கதவு திறந்தது. கொல்லைக்குப் போகும் அந்தக் கதவுக்கு வெளியே விடுதியின் நீளமான தாழ்வாரம் இருந்தது. டெட்டால் வாசனை வந்தது. ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண், கால் வீங்கிய ஒரு பெரியவர், இன்னும் நான்கு பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருப்பவர்கள் எந்தக் கதவு வழியாக எங்கே வந்தோம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நாமினி வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றிலிருந்து தினமும் ஆறு பேர் வருகிறார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், எண்ணிக்கை மாறுவதில்லை. டீச்சர் இரண்டு பாய் கொடுத்தாள். கேஸ் சிலிண்டர் வழக்கத்தில் பாதி நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது. வந்தவர்கள் படுத்த இடத்திலேயே அசந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மாலை ஏழு மணிக்கு. பத்து நிமிடம் முன்னதாக அவள் ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு எழுப்புகிறாள். யாரும் அவள் பெயரைக் கேட்பதில்லை.