எழுபதிலேயே நின்ற வரம்பு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு டோரீன் பெட்ரிஷின் ஆபீசில் உட்கார்ந்திருந்ததற்குக் கடமையுணர்ச்சி காரணமில்லை. வீம்புதான் காரணம். பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களைக் கம்பியில் தொங்கியபடி உச்சிக்கு ஏற்றும் நாற்காலி லிஃப்ட்டுகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது, கனடாவின் கல்கரியில். மொத்தம் ஆறு பேர். அதில் அவள்தான் மூத்தவள். தன் எழுத்தில் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை என்பது அவள் நினைப்பு.

ஆள் பிறந்து, கியூபெக்கிலிருந்து வேலைக்கும் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயர் தியோ பெல்ரோஸ். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதிவைப்பது அங்கே வழக்கம். எழுதியவர் பதில் சொல்லிக் கேள்வியை மூட வேண்டும். நேற்று எல்லோருக்கும் முன்னால் தியோ சொல்லிவிட்டான்: "என் கேள்வியை நீங்க படிக்கிறதே இல்ல டோரீன். மூடத்தான் செய்றீங்க." அது அவளைச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவன் கேட்ட அத்தனை கேள்வியையும் எடுத்து, ஒவ்வொன்றும் வெட்டிக் கேள்வி என்று திங்கட்கிழமை நிரூபிப்பதற்காகத்தான் லீவு நாளில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. லார்ச் மலையின் லிஃப்ட் மேற்பார்வையாளர் ராய்ஸ்.

"டோரீன்மா, மேல காத்து கிளம்பிருச்சு. காத்து வரம்பை எழுபது கிலோமீட்டர்லேர்ந்து அம்பதுக்கு இறக்கிட்டேன். அம்பதைத் தாண்டினா தானா மணியடிச்சு, கேட்டை மூடி, வேகத்தைக் குறைச்சுக்கும்ல?"

"குறைச்சுக்கும். நீங்க கையை வைக்காம இருந்தாலே போதும்."

ராய்ஸ் சிரித்தார். போன சீசனில் காற்றுக்குப் பயந்து இரண்டு தரம் கையால் நிறுத்தி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். "உன் மெஷினை நான் தொடுவேனா? எனக்கென்ன பைத்தியமா?" என்று வைத்துவிட்டார்.

டோரீன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே கேள்விகளைப் புரட்டினாள். பதினான்காவது கேள்வி அக்டோபரில் எழுதியது. 'இங்கே வரம்பு நகலாகவா போகிறது? ஓடும்போது மாற்றினால் என்ன ஆகும்?' அடியில் அவளுடைய பதில்: 'எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள்.' மூடியாயிற்று.

எது இப்படித்தான்? அவள் அந்த வரியைத் திறந்தாள்.

காற்றைக் காவல் காக்கும் புரோகிராம் பகுதிக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இப்போது காற்று எவ்வளவு, வரம்பு எவ்வளவு. காற்றின் வேகம் நொடிக்கு நொடி கருவியிலிருந்து வரும். வரம்பை மட்டும் முன்கூட்டியே சேர்த்துக் கட்டிவிட, சி பிளஸ் பிளஸ் மொழியோடு கூடவே வரும் 'பைண்ட்' என்ற வசதியை அவள் பயன்படுத்தியிருந்தாள். அந்த பைண்ட் கட்டும்போது வரம்பின் நகலைத்தான் எடுத்து உள்ளே வைக்கும். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்பிய பிறகு வீட்டுப் பாத்திரத்தில் உப்பைப் போட்டால் டப்பாவில் சேருமா? அசலையே பார்த்துக்கொள் என்று சொல்ல 'ரெஃப்' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அவள் சேர்க்கவில்லை.

சோதனைகளில் எப்போதும் வரம்பை வைத்துவிட்டுத்தான் லிஃப்ட்டை ஓட்டினாள். அதனால் ஒரு தரம்கூட அகப்படவில்லை. ராய்ஸோ லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியிருக்கிறார்.

அவள் உடனே லார்ச் மலைக்குப் போன் போட்டாள். ராய்ஸ் இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாவது தரம் எடுத்தார்.

"ராய்ஸ், கேட்டைக் கையால மூடுங்க. இப்பவே. ஆள் ஏத்தாதீங்க."

"விளையாடுறியா? இப்பத்தானேம்மா தொடாதேன்ன? சனிக்கிழமைக் கூட்டம், கீழ முந்நூறு பேர் நிக்கிறாங்க."

"காத்து எவ்வளவு?"

"நாப்பத்தேழு. திரையில அம்பதுன்னு தெளிவாப் போட்டிருக்கு. பச்சை விளக்கு எரியுது."

"திரைக்குத் தெரியும். காவலுக்குத் தெரியாது. அது இன்னும் எழுபதையே பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"அதெப்படி?"

சின்னச் சிக்கல், அரிதான கோளாறு என்று சொல்ல வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்கெல்லாம் பஞ்சமே கிடையாது. அப்படிச் சொன்னால் ராய்ஸ் இன்னும் பத்து கேள்வி கேட்பார்.

"நான் தப்பா எழுதிட்டேன் ராய்ஸ். என் தப்பு."

ராய்ஸ் வெளியே திரும்பிக் கத்தினார். "நிறுத்து! ஏத்தாதே! கேட்டைப் போடு!" வரிசையில் நின்றவர்கள் ஊளையிட்டார்கள்.

"அணைச்சுத் திரும்பப் போட்டா சரியாயிடுமா?"

"ஆகும். ஆனா நாலு நிமிஷம் லிஃப்ட் நிக்கும். மேல ஆளுங்க தொங்கும்போது வேண்டாம். மெதுவா ஓட்டி எல்லாரையும் இறக்கிடுங்க."

"எண்பத்திரண்டு நாற்காலில ஆள் இருக்கு. ஒன்பது நிமிஷம் ஆகும்."

அப்போதுதான் அவளுக்கு மற்ற மலைகள் ஞாபகம் வந்தன. இதே புரோகிராம் இன்னும் நான்கு மலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போனை ஒரு காதில் வைத்தபடியே செல்போனில் தியோவைக் கூப்பிட்டாள்.

"தியோ, உன் பதினாலாவது கேள்வி. காத்து வரம்பு. நகல்தான் போகுது. லார்ச்ல இப்ப..."

சொன்னேனா இல்லையா என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் தேவலை.

"எந்த மலைக்கு முதல்ல போன் பண்ணட்டும்?" என்றான்.

"வடக்கு ரெண்டுக்கும். அங்கதான் காத்து அதிகம். மிச்சத்துக்கும் நீயே பண்ணிடு. டோரீன் தப்பு பண்ணிட்டான்னு சொல்லு, சீக்கிரம் நம்புவாங்க."

இன்னொரு காதில் ராய்ஸ் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று.

"பச்சைதான்."

ஐம்பத்தாறு.

"மணி அடிக்கல, டோரீன்."

வழக்கமாக ஒட்டிவரும் 'மா' போயிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அறுபத்துமூன்றில் தூரத்தில் யாரோ வீறிட்ட சத்தம் போனில் கேட்டது. ராய்ஸ் தனக்குத்தானே கெட்ட வார்த்தை சொன்னார்.

"என்ன ஆச்சு? ராய்ஸ்!"

"ஒன்பதாவது தூண்கிட்ட. காலிச் சேர் தூண்ல மோதிருச்சு. காலிச் சேர்தான். நீ போன் பண்ணினப்புறம் கேட்டைத் தாண்டினது, இல்லேன்னா அதுல ஆள் இருந்திருக்கும்."

"இன்னும் எத்தனை பேர் மேல இருக்காங்க?" என்று கேட்டாள்.

"கடைசி ஆள் இறங்கியாச்சு," என்றார் ராய்ஸ் கொஞ்ச நேரம் கழித்து. பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "பதிவுப் புத்தகத்தைப் பார்க்கிறேன். இந்த சீசன்ல ஓடிட்டிருக்கும்போதே வரம்பை இறக்கின நாள் பதினொண்ணு. அந்தப் பதினோரு நாளும் யாரு காவலுக்கு நின்னா?"

"யாரும் நிக்கல."

"இதைக் கண்டுபிடிச்சது யாரு? நீயா?"

"தியோ. அக்டோபர்லயே கேட்டுட்டான்."

"அக்டோபர்ல லிஃப்ட்டே ஓட ஆரம்பிக்கலயே."

"ஆமா. நான்தான் படிக்காம மூடிட்டேன்."

ராய்ஸ் போனை வைத்தார்.

மற்ற நான்கு மலைகளிலும் இன்று யாரும் வரம்பைத் தொடவில்லை, நான்கு இடத்திலும் சொல்லியாயிற்று என்று தியோவிடமிருந்து செய்தி வந்தது. டோரீன் பதினான்காவது கேள்வியை மறுபடி திறந்தாள். தன் பழைய பதிலை அழிக்கப் போனவள், அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அதன் கீழே எழுதினாள்:

'ஆமாம், நகலாகத்தான் போகிறது.'

இந்தத் தரம் அவள் கேள்வியை மூடவில்லை.