தனியாகக் கேட்டால் இனிக்கும்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் உள்ளே நுழைந்தபோது, அவள் ஒரு பேஸ் கிதாரை மடியில் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. எந்த இடத்துக்குப் போனாலும் வாசலில் நின்று தொண்டையைச் செருமி, எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்கிற ஆள் அவர்.

"அட, இங்கயா வேலை பாக்கறே? காது நல்லா இருக்கறவங்களத்தான் இந்தக் கடையில வைப்பாங்கன்னு சொன்னாங்களே."

"நல்லாத்தான் இருக்கு அத்தான். நீங்க செருமினது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

அக்காவின் கணவர். அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டதால்தான் அவளால் இந்த நாட்டுக்கே வர முடிந்தது. அதை அவரும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் என்று வாசிக்கிற ஒரு இசைக்குழு அவருக்கு இருந்தது. அவர் கீபோர்ட். வந்த புதிதில் அவள் அதில் பேஸ் வாசித்தாள். அவருடைய இடது கை சும்மா இருக்காது. பேஸ் போக வேண்டிய கீழ் சுரங்களிலெல்லாம் புகுந்து அமுக்கிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு தடித்த ஓசைகள் ஏறி உட்கார்ந்தால் இரண்டுமே கேட்காது, வெறும் கொழகொழப்புதான் மிஞ்சும். ஒருநாள் ஒத்திகையில், "அத்தான், இடது கையைக் கொஞ்சம் எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்று பணிவாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஒத்திகையில், குழுவினரும் அவர்கள் மனைவிமாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இவ வாசிக்கிறது இசை இல்ல, சேறு. பாவம், நானும் ஆசைப்பட்டுத்தான் சேத்துக்கிட்டேன். எல்லாருக்கும் கை வருமா?" எல்லாரும் சிரித்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்த வாரமே ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள், "உனக்குக் கை வரலையாமே?" அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அம்மா கேட்டதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அத்தான் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகை அறைக்கு வந்த நாளிலிருந்து, என்றைக்காவது இந்த மனிதரின் மூக்கை நாலு பேர் முன்னால் உடைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டே தூங்கினாள்.

அத்தானுக்குப் பின்னால் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு ஒருவர் நின்றார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"பேஸுக்கு ஆள் போட்டாச்சு. இவர் தாடி" என்றார் அத்தான்.

"எங்கன்னு தேடாதீங்க" என்று அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "தாடி போயிடுச்சு. பேரு போக மாட்டேங்குது."

தாடி பகலில் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய பழைய கிதார் வளைந்துவிட்டது. சனிக்கிழமை பெரிய வரவேற்பு, தெரிந்தவர்களெல்லாம் வருகிறார்கள். "மூணு கிதார் வாசிச்சுக் காட்டு. டோன்தான் முக்கியம். நான் கேட்டுச் சொல்றேன்" என்ற அத்தான், வாசிக்கப்போகிறவரைத் தாண்டிப் பின்னறைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை. அவள் மூன்றிலும் ஒரே மெட்டை வாசித்தாள். முதலாவது கறுப்பு. தடித்த, நேர்மையான ஓசை, நாலு வார்த்தையில் பேச்சை முடிக்கிற ஆளைப் போல. இரண்டாவது உடம்பைப் பாதி குடைந்து வெற்றிடமாக்கிய பழுப்பு நிறக் கிதார், வழவழப்பான தந்திகள். விரல் பட்டதுமே ஓசை உருண்டு வந்து வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போக மனமில்லாமல் நெடுநேரம் முனகியது. மூன்றாவது வெள்ளை. அதில் தந்தியின் அதிர்வை வாங்குகிற காந்தங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. அவள் பின்னால் இருந்ததை மட்டும் திறந்து வைத்தாள். ஓசை வறண்டு, ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல மூக்கால் வந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் பேஸைத் தனியாகக் கேட்டு வாங்க விடமாட்டார்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கிற அந்த மூக்குதான் ட்ரம்ஸ், கீபோர்ட், பாட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் தலையை நீட்டும். தனியாகக் கேட்டால் இனிக்கிற பழுப்பு, கூட்டத்தில் கரைந்து காணாமல் போய்விடும். அத்தானின் இடது கைக்குக் கீழே அதன் கதி என்ன என்று சொல்லவே வேண்டாம். அவள் தோளுக்குப் பின்னால் அலமாரியில், தானாகவே தாளம் போடுகிற ட்ரம் மெஷின் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"அந்த ரெண்டாவதை இன்னொரு தடவை வாசி." அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான் டோன். தேன் மாதிரி எறங்குது."

"உங்க காதே காது அத்தான்." தன் வாயிலிருந்து அது இவ்வளவு வழுவழுவென்று வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

தாடி அலமாரியைப் பார்த்தார். "அந்த வெள்ளைய ட்ரம்ஸோட ஒருதடவை கேக்கலாமா?"

"சட்டை எடுக்க வந்தா சட்டையப் பாக்கணும் தாடி. பக்கத்துல நிக்கிறவன் சட்டையவா பாக்கறது?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி அத்தான் காரை எடுக்க வெளியே போனார்.

தாடி கல்லாவுக்கு எதிரே தயங்கி நின்றார். "நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

"என்னைப் பத்தி அத்தான் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"கை வரலைன்னு சொன்னார்." அவர் ஒளிக்கவில்லை. "இப்ப நீங்க வாசிச்சதைக் கேட்டேன். அவர் சொன்னது சரியில்லைங்க."

வெள்ளை என்கிற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடி விழப்போவது இவர்மேல். அத்தான் தன்னைச் சொன்னதையே இவரையும் சொல்வார். அந்த நேரம் வெளியிலிருந்து அத்தான் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார், வேலைக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி.

"அவர் சொன்னதையே எடுத்துக்கங்க" என்றாள்.

சனிக்கிழமை மாலை அக்கா கூப்பிட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஹாலுக்குப் போய், அடுக்கி வைத்த நாற்காலிகளின் பக்கம் நின்றாள். முதல் பாட்டிலேயே அவள் போட்ட கணக்கு பிசகாமல் நடந்தது. பழுப்புக் கிதார் வாயைத் திறந்ததும் அத்தானின் இடது கை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. தரைக்குக் கீழே யாரோ மேசையை இழுப்பது போல ஒரு உறுமல். முன்வரிசைக்காரர் காதைக் குடைந்தார். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் அத்தான் மைக்கில் சிரித்தார். "மன்னிக்கணும். நம்ம பேஸ்காரர் புதுசு. கொஞ்சம் சேறு அடிக்குது."

ஹால் சிரித்தது. தாடியும் எல்லாரோடும் சேர்ந்து பாதி சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார். அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் பார்க்கக் கிடைத்தது.

அடுத்த பாட்டில் தாடி கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு இரண்டு கைகளையும் தந்திகளிலிருந்து எடுத்துவிட்டார்.

உறுமல் நிற்கவில்லை. அதே கொழகொழப்பு. தாடியின் கைகள் காற்றில் நிற்க, சேறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரம்ஸ்காரர் முதலில் பார்த்தார். பாடுகிற பெண் பார்த்தாள். பிறகு முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகக் கீபோர்டின் பக்கம் திரும்பியது. அத்தானின் இடது கை திருட்டில் பிடிபட்டது போல ஒரு கணம் தடுமாறி, ஒரு தப்பான சுரத்தை அமுக்கியது.

அக்கா அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "அப்ப நீ வாசிச்சப்பவும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

இந்தப் பாதிக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை மாதம் காத்திருந்தாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது மேடை கண்ணில் பட்டது. தாடி அத்தானைப் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலாக எதையோ தேடி, நாற்காலி அடுக்கின் பக்கம் பார்வையை நிறுத்தினார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தோள்வாரைத் தலைவழியாகக் கழற்றி, பழுப்புக் கிதாரைக் கழுத்தில் பிடித்து, நீங்களே வாசிங்க என்பது போல, கூட்டத்துக்கு மேலே அவளுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.