அவங்கன்னா யாரு

காஜாக்கா தன் புருஷனை ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை. முகத்துக்கு நேரே 'என்னங்க', முதுகுக்குப் பின்னால் 'அவங்க'. அவங்க வந்தாங்க, அவங்க சாப்பிட்டாங்க, அவங்களுக்கு இன்னிக்கு மனசு சரியில்லை. சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் ஓட்டுகிறவள், அதனால் அந்தப் பெயர். பக்கத்து மெஷின்காரி அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். "உனக்கு எத்தனை புருஷன்டி? நீ பேசுறதைக் கேட்டா ஒரு பட்டாளமே வந்து சாப்பிட்டுப் போன மாதிரி இருக்கு" என்பாள். காஜாக்கா சிரித்துவிட்டு அடுத்த சட்டையை ஊசிக்கு அடியில் தள்ளுவாள். அப்படியே வளர்ந்துவிட்டாள், இனிமேல் மாற்ற முடியுமா?

மரியாதை கொடுக்கத் தகுந்த மனுஷன்தான் என்று அவள் நம்பினாள். நம்பக் காரணமும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடப் பையோடு நடுத்தெருவில் நின்ற தம்பியை, யாரும் கேட்காமலே தான் ஓட்டும் சரக்கு வேனில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தவர் அவர். "இன்னொரு தட்டு கழுவணும், அவ்வளவுதானே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய முன்கோபம் எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டாள். அவருக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். தம்பி மேல் மட்டும் அந்தக் கை விழுந்ததில்லை. ஒல்லி என்றுதான் அவனைக் கூப்பிடுவார். ஒல்லிக்குப் பதினேழு முடிந்திருந்தது. மாமா என்றால் அவனுக்கு உயிர்.

சண்டை வந்தது தண்ணீர் மோட்டாருக்காக. மாடியில் குடியிருந்தவர் மோட்டார் சுவிட்சைப் பெட்டி போட்டுப் பூட்டிவிட்டார். வேலை முடிந்து வந்த புருஷன் குளிக்கப் போனால் குழாயில் காற்றுதான் வந்தது. படியேறிப் போய்ச் சாவியைக் கேட்டார். மாடிக்காரர் ஏதோ சொன்னார், இவர் ஏதோ சொன்னார். பாதிப் படியில் குடத்தோடு நின்ற ஒல்லி, "மாமா, வாங்க மாமா, போயிடலாம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். காஜாக்கா கீழே கதவருகில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால்தான் புருஷனுடைய இரண்டு கையும் அந்த மனிதரின் நெஞ்சில் போய் விழுந்தன. உருண்டு வந்தவரைப் பிடிக்க ஒல்லி குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். சட்டைதான் கையில் சிக்கியது, ஆள் சிக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் பார்த்ததெல்லாம் அந்தச் சட்டையைப் பிடித்த கையைத்தான். மாடிக்காரர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் காஜாக்காவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து ரைட்டர் வாக்குமூலம் எழுதினார். நல்ல மனிதர்தான் பாவம், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அழுது முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்திருந்தார். "யாரும்மா தள்ளினது?" என்று கேட்டதற்கு அவள், "அவங்க கோவத்துல தள்ளிட்டாங்க சார், வேணும்னு பண்ணலை" என்றாள். ரைட்டர் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். "அவர்கள் கோபத்தில் அவரைத் தள்ளிவிட்டார்கள்." எழுத்துத் தமிழ் அவள் காதுக்குக் கோர்ட்டு பாஷை மாதிரி கேட்டது. இத்தனை பெரிய குற்றம் செய்தவருக்கும் போலீஸ்காரர் 'அவர்கள்' போட்டு மரியாதையாக எழுதியிருக்கிறாரே என்று, அந்த அழுகைக்கு நடுவிலும், அவளுக்கு ஒரு ஆறுதல். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அட பாவி மகளே!

புருஷன் ஜெயிலுக்குப் போனார். ஒல்லி பதினெட்டு நிரம்பாதவன் என்பதால் சிறார் இல்லத்துக்குப் போனான். அவனை எதற்குப் பிடித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. சட்டையைப் பிடித்த கையைப் பார்த்ததாகச் சொன்ன அண்டை வீட்டுக்காரர்களை வாயில் வந்தபடி சபித்தாள். தன் வாயிலிருந்து வந்ததுதான் தம்பியைக் கொண்டுபோனது என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

இல்லத்தில் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு காவலர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேஸைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் சோப்பு இருக்கா, சோறு வயிற்றுக்குச் சேருதா, தூக்கம் வருதா என்று இவள் கேட்பாள். எல்லாவற்றுக்கும் அவன் "ம்" என்பான். அக்கா முகத்தை நேராகப் பார்க்கமாட்டான். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும், "மாமா எப்படி இருக்காங்க?" என்று கேட்பான்.

அவனுக்குச் சர்க்கார் கொடுத்த இலவச வக்கீலம்மா சின்ன வயதுக்காரி. கை நிறையக் கேஸ் கட்டு, கண் நிறையத் தூக்கம். சிறார் கோர்ட்டில் விசாரணைக்கு முன்னால் காஜாக்காவைக் கூப்பிட்டு, அவள் பார்த்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். "தம்பி பாதிப் படியில நின்னான். அவங்க மேல நின்னாங்க" என்றாள் காஜாக்கா.

"அவங்கன்னா யாரு? மாடியில இருந்தவங்களா?"

"இல்லம்மா. அவங்க. எங்க வீட்டுக்காரர்."

வக்கீலம்மா கட்டைப் பிரித்து அந்தக் காகிதத்தை எடுத்தாள், படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கிட்டத்தில் போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினாள். போலீஸ் 'அவர்கள்' என்பதை இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது, மாமாவும் மச்சானும் சேர்ந்து தள்ளினார்கள் என்றுதான் கேஸே நிற்கிறது. கண்ணால் பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான், அதுவும் கூடப் பிறந்த அக்கா, அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும் என்றாள்.

சின்னப் பையனுக்கு மூணு வருஷம்தானே, அதற்குமேல் கிடையாதே என்று எங்கேயோ கேட்டதைக் காஜாக்கா உளறினாள். அது சின்னத் தப்புக்கு, சின்ன வயசுக்கு என்றாள் வக்கீலம்மா. பதினாறைத் தாண்டியவன் கொலைக் கேஸில் மாட்டினால், தான் செய்வது இன்னதென்று புரிந்து செய்தானா என்று சிறார் கோர்ட்டு பார்க்கும். புரிந்துதான் செய்தான் என்று தோன்றினால் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். அங்கே போனால் பெரியவர்களுக்கு என்ன தண்டனையோ கிட்டத்தட்ட அதுதான். திங்கட்கிழமை அதைத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். "நீங்க வாயைத் திறந்து சரியாச் சொன்னா அவன் தப்பிப்பான். ஆனா மொத்தமும் உங்க வீட்டுக்காரர் தலையில விழும். யோசிச்சுக்குங்க" என்றாள்.

யோசிக்க இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஜெயிலுக்குப் போனாள். இரண்டு வரிசைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் புருஷன் நின்றார். இளைத்துப் போயிருந்தார். நடந்த குளறுபடியைச் சொல்லி, "இப்படி ஆகிப்போச்சுங்க, நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். 'உள்ளதைச் சொல்லு, பையனைக் காப்பாத்து' என்பார் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருந்தாள். அவருக்கு அது செய்தியாகவே இல்லை.

"எனக்குத் தெரியும். அன்னிக்கே படிச்சுக் காட்டினாங்க" என்றார். "அது அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேர்னா தள்ளுமுள்ளுன்னு ஆயிடும். ஒருத்தன்னா கொலைங்கறான் எங்க வக்கீல். ஒல்லி சின்னவன், சீக்கிரம் வந்துடுவான். நீ போய் எதையும் மாத்திச் சொல்லாதே."

சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இன்னொரு தட்டு கழுவிய வாழ்நாள் கடனை அவள் ஒருத்தி நெஞ்சில் சுமந்தாள், இவர் அதைப் பையனிடம் வசூல் செய்துகொண்டிருக்கிறார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

சிறார் கோர்ட்டு, கோர்ட்டு மாதிரியே இருக்காது. கூண்டு கிடையாது, காக்கிச் சட்டை கிடையாது, ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் மாஜிஸ்ட்ரேட் அம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். பையன்கள் பயப்படக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். அக்கா பேசுகிறபோது தம்பி எதிரில் இருக்க வேண்டாம் என்று அவனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வக்கீலம்மா அவனிடம் ஒரே ஒரு நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். "உள்ளதைச் சொல்லுப்பா, உங்க அக்கா உனக்காகப் பேச வந்திருக்காங்க" என்று சொன்னாளாம். வேறொரு கேஸுக்கு ஆள் வந்து கூப்பிட்டதால் அதற்குமேல் விளக்க நேரமில்லை.

காஜாக்காவிடமும், "அவங்க என்ற வார்த்தை மட்டும் வாயில வந்துடக்கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாஜிஸ்ட்ரேட் அம்மா கேள்வியைக் கேட்டதும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"அவங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "என் புருஷன். அவன் ஒருத்தன்தான் தள்ளினான். தம்பி விழுந்தவரைப் பிடிக்கப் பார்த்தான்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து வராத 'ன்' அது. சொல்லிவிட்டுத் தன் வாயை யாரோ அறைந்தது போல நின்றாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியது. தம்பி வந்துவிடுவான், அது போதும். மாஜிஸ்ட்ரேட் அம்மாவும் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். சர்க்கார் வக்கீல் எழுந்தார். புருஷனா தம்பியா என்று வந்தால் எந்த அக்காவும் தம்பி பக்கம் சாய்வாள், முதல் நாள் அழுகையில் வந்ததுதான் உண்மை என்றார். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இல்லத்தில் ஒல்லியோடு உட்கார்ந்து பேசிய நன்னடத்தை அதிகாரி எழுதியது. அக்கா சொன்னது சரிதான், நானும் தள்ளினேன், விழுந்தால் உயிர் போகலாம் என்று தெரியும் என்று பையன் சொல்லியிருக்கிறான்.

காஜாக்கா வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மாவுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. நான் எதைக் கேட்டாலும் 'அக்காவைக் கேளுங்க' என்றுதானே சொன்னான் என்று முணுமுணுத்தாள்.

ஒல்லியைக் கூட்டி வந்தார்கள். இல்லத்துச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. மாஜிஸ்ட்ரேட் அம்மா கனிவாகத்தான் கேட்டார். உங்க அக்கா இப்போது வேறு மாதிரி சொல்கிறார், மாமா மட்டும்தான் தள்ளினார் என்கிறார், நீ யாருக்கும் பயப்படாமல் சொல்லு, எது நிஜம் என்றார். ஒல்லி அன்றுதான் அக்காவை நேராகப் பார்த்தான். வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை அசைத்தாள் அவள். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"அக்கா முதல்ல என்ன சொன்னாங்களோ அதான் மேடம். இப்போ எனக்காக மாத்திச் சொல்றாங்க. நான் தெரிஞ்சுதான் செஞ்சேன்."

காஜாக்கா கத்தினாள், பொய், பொய் சொல்கிறான் என்று. அவளை உட்காரச் சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேரும் தலையைச் சேர்த்து நெடுநேரம் பேசினார்கள். செய்தது இன்னதென்று பையனுக்குப் புரிந்திருக்கிறது, வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீலம்மா சொன்னாள். சொன்ன தினுசிலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

வெளியே நடையில் இல்லத்து வேன் வருகிறவரை நிற்கவிட்டார்கள். காவலர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார், மனிதர் வாழ்க. காஜாக்கா தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டா அப்படிச் சொன்னே? ஏன்டா?"

"அழாதக்கா. நீதானே முதல்ல ரெண்டு பேரும்னு சொன்னே. ஸ்டேஷன்ல 'அவர்கள்'னு படிச்சுக் காட்டினாங்க. மாமாவுக்குக் கொஞ்சம் குறையட்டும், அவங்க வந்தாத்தான் வீடு ஓடும்னு யோசிச்சுத்தான் நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சரி, நமக்காக எவ்வளவோ செஞ்சிருக்காங்கன்னு..."

"நான் சொல்லலடா. ரெண்டு பேர்னு நான் சொல்லவே இல்லடா. அவங்க தள்ளிட்டாங்கன்னுதான் சொன்னேன்."

ரைட்டருக்கும் வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் விளக்க வேண்டியிருந்த அந்த வார்த்தையை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன். அவங்கன்னா யார் என்று அவனுக்குத் தெரியாதா? வாயைத் திறந்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். வேன் வந்து நின்றது. காவலர் அவன் தோளில் கை வைத்தார்.

"அப்போ நீ என்னை விட்டுக்கொடுக்கலையாக்கா?"

இல்லடா, இல்லடா என்று தலையிலடித்துக்கொண்டு அவள் அழுதாள். ஒல்லிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதமாக அவனிடம் இல்லாத சிரிப்பு. காவலர் கிளம்பச் சொல்லியும் கேட்காமல் அக்காவின் கன்னத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு, விடுதலை ஆனவனைப் போலத் துள்ளி வேனில் ஏறி உட்கார்ந்தான்.