சனிக்கிழமைத் தொண்டர்கள்

விடிவதற்கு முன்பே காற்று ஊதும் ப்ளோயரை முதுகில் மாட்டிக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறிவிடுவோம். முந்தின ராத்திரி ஆட்டம் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன குப்பையை அங்கிருந்துதான் கீழே தள்ளிக்கொண்டு வர வேண்டும். வேர்க்கடலைத் தோல், மென்று துப்பிய சூரியகாந்தி விதைச் சக்கை, கொட்டிக் காய்ந்து பிசினாகிப்போன கோக், பாதி கடித்த ஹாட் டாக். பழைய பியர் நாற்றம் குடலைப் பிடுங்கும். ப்ளோயர் ஊதினால் தோல்தான் பறக்கும், சக்கை சிமெண்டை விட்டு அசையாது. அதைக் குனிந்து தகட்டால் சுரண்டி எடுக்கத்தான் எங்கள் ஐந்து பேருக்கும் சம்பளம்.

நியூ ஜெர்ஸியில், ஐசலினுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேடியம் அது. டீமின் பெயர் ஹெரன்ஸ். சம்பளத்துக்கு ஆடுகிற டீம்தான், ஆனால் சின்ன லீக், டிவியில் காட்டமாட்டார்கள். எனக்கு பேஸ்பால் புரியாது, குப்பை புரியும். ஜெயிக்கிற அன்று ஜனங்கள் கடைசிவரை உட்கார்ந்து தின்பார்கள். தோற்கிற அன்று பாதி ஆட்டத்திலேயே கிளம்பிவிடுவார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷ சீசனில் ஹெரன்ஸ் தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. ஜூன் மாதமே குப்பை பாதியாகிவிட்டது. வேலை சுலபமாகிவிட்டது என்று ரோசாவின் தம்பிகள் சிரித்தார்கள். கோயமுத்தூரில் மில் மூடினதைக் கண்ணால் பார்த்தவன் நான், என்னால் சிரிக்க முடியவில்லை.

ஐந்து பேர் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஈக்வடார்க்காரி ரோசா, அவளுடைய இரண்டு தம்பிகள், நான் நஞ்சுண்டன், பிறகு புஷ்பவல்லி. முதல் நாள் நான் அவரை மாமி என்று கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்பிடு. மாமின்னா அண்ணாவாத்து அடுப்பு ஞாபகம் வரது" என்றார். புருஷன் போனபிறகு அண்ணா ஸ்பான்ஸர் பண்ணி அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். அன்றிலிருந்து அண்ணா வீட்டு பேஸ்மெண்டில் படுக்கை, மேலே சமையல், பிள்ளை வளர்ப்பு, துணி மடிப்பு. கையில் காசென்று ஒன்றும் கிடையாது. சொந்த மனுஷிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்ன! போன வருஷம்தான் இந்த வேலையைப் பிடித்து, ஓக் ட்ரீ ரோடில் புடவைக் கடைக்கு மேலே ஒரு ரூமுக்கு வந்தார். "கதவைத் தாப்பா போட்டுண்டு தூங்கறேன்டா நஞ்சுண்டா" என்று அந்த வாரமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை போனால் ரூம் போகும், ரூம் போனால் மறுபடி பேஸ்மெண்ட்தான்.

ஜூலையில் ஒரு காலை முதலாளி ஹாட்லி எங்களைத் தேடிக்கொண்டு தானே படியேறி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சீசன் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சனிக்கிழமையிலிருந்து சுத்தம் செய்ய வாலண்டியர்கள் வருகிறார்கள். சின்ன நன்கொடை கொடுத்தால் போதும். நாம் எல்லோரும் ஒரே டீம், புரிந்துகொள்ள வேண்டும்."

"டீம் என்றால், தோற்றவர்கள்தானே வெளியே போக வேண்டும்?" என்று கேட்டேன். "நாங்கள் ஒருநாளும் தோற்கவில்லையே. தினமும் சுத்தமாகத்தானே இருக்கிறது?"

"ஆட்டக்காரர்களிலும் மூன்று பேரை அனுப்பிவிட்டேன்" என்றார், பெரிய நியாயம் செய்துவிட்டவர் மாதிரி.

"நீங்கள் எப்போது போகிறீர்கள்?" என்றாள் ரோசா. அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். தெரிந்ததை இப்படித்தான் செலவு செய்வாள்.

ஹாட்லி அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் இருக்கலாம். வருகிறவர்கள் உன் பாஷைக்காரர்கள். நீதான் அவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வேண்டும்."

இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. சர்ச்சோ பள்ளிக்கூட பேண்டோ கூட்டமாக வந்து ஸ்டேடியத்தில் வேலை செய்தால் ஆளுக்குக் கூலி கிடையாது, சங்கத்துக்கு நன்கொடை உண்டு. இந்தத் தடவை வருவது ராரிட்டன் தமிழ் மன்றம். தீபாவளி விழாவுக்கு ஹால் பிடிக்க நிதி வேண்டுமாம். போதாததற்கு, சனிக்கிழமை ஆட்டத்தில் ஸ்கோர்போர்டில் தமிழ் மன்றத்துக்கு நன்றி என்று போடுவதாக ஹாட்லி ஆசை காட்டியிருந்தார். நம்மவர்களுக்கு அது போதாதா? வீட்டில் குடித்த காபி டம்ளரை எடுத்துவைக்காத ஆளெல்லாம் தமிழ் வளர்க்கத் துடைப்பம் எடுக்கத் தயாராகிவிட்டார்கள்.

மன்றத்தின் செக்ரட்டரி சிவராமகிருஷ்ணன். அக்காவுடைய அண்ணா.

அன்றே பே போனிலிருந்து அக்கா அவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"நாங்க யாரும் காசு வாங்கலையேடி. மன்றத்துக்குத்தானே போறது."

"அது எங்க அஞ்சு பேர் வேலை அண்ணா."

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கோ. ஊரான் எச்சிலைப் பொறுக்கற வேலை ஒனக்கு எதுக்கு? பேஸ்மெண்டுக்குப் புதுசா கார்ப்பெட் போட்டிருக்கோம், வந்துடு. ஒன் மன்னி அனந்துவும் டபுள் ஷிப்ட் பண்ணி ரொம்ப டயர்டா இருக்கா."

அக்கா போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவாளுக்கு வீட்டுக்கும் ஆள் கெடைச்சாச்சு, விழாவுக்கும் ஹால் கெடைச்சாச்சு" என்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

எனக்கு ஹாட்லி சொன்ன வேலைமேல் ஆசை வந்தது. வராமல் என்ன? வீட்டில் எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். மதியம் உட்கார்ந்து பேசும்போது அதை மறைக்காமல் சொன்னேன். ரோசா திட்டவில்லை. "எடுத்துக்கொண்டால் இந்த சீசன் முடிகிறவரை இருப்பாய். அப்புறம் அவர்களே கற்றுக்கொள்வார்கள்" என்றாள். அதற்குமேல் விவாதிக்க எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை மூன்றாம் கேட் வாசலில் ஐந்து பேரும் உட்காருவது என்று தீர்மானித்தோம். யூனியன் கிடையாது, வக்கீல் கிடையாது. ஜெயிப்போம் என்று எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெளிச்சம் வரும்போதே கார்கள் வந்து நின்றன. எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் டீ ஷர்ட், நெஞ்சில் தமிழ் மன்றம். வாசலில் வேலை உடுப்பான ஆரஞ்சு வெஸ்டோடு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"இது நாங்க சம்பளத்துக்குச் செய்யற வேலைங்க" என்றேன். "நீங்க உள்ள போனா எங்களுக்கு நாளைக்கு வேலை இல்லைங்க. தெரியாம வந்திருப்பீங்க. தயவுபண்ணித் திரும்பிப் போயிருங்க."

சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒரு இளம் ஜோடி காருக்குத் திரும்பியது. "கமிட் பண்ணிட்டோமே, இப்ப எப்படி பேக் அவுட் பண்றது?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணாவின் மனைவி அனந்தலக்ஷ்மி அருகில் வந்து குனிந்தாள்.

"புஷ்பா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும் மன்னி."

ஹாட்லி வந்தார். போலீஸைக் கூப்பிடுவார், கத்துவார் என்றெல்லாம் நாங்கள் தயாராக இருந்தோம். அந்த மனிதர் கத்தவே இல்லை. "நஞ்சுண்டன், உள்ளே வா" என்று ஒருமுறை கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்தார், நடந்துபோய் நாலாம் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவ்வளவுதான். மஞ்சள் சட்டைகள் அந்தப் பக்கம் நகர்ந்தன. சிவராமகிருஷ்ணன் முன்னால் போனார். எங்களை மிதிக்கவேண்டிய சங்கடம்கூட அவர்களுக்கு வரவில்லை. உள்ளே ப்ளோயர்கள் உறுமத் தொடங்கின. எனக்கு ஆத்திரத்தில் கண் எரிந்தது. இவ்வளவு லேசாகத் தோற்போம் என்று நான் நினைக்கவில்லை.

"வாடகைக்கு என்ன பண்ணுவீங்கக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலைடா."

ரோசாவுக்குச் சொன்னேன். அவள் அக்காவின் தோளைத் தட்டி, தன் ஹாலில் இடம் இருக்கிறது, தம்பிகளின் குறட்டையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

வெயில் ஏறியதும் பகல் ஆட்டத்துக்காக ஹாட் டாக் கடை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாகர்கோவில்காரி ஜெபினா எங்களைப் பார்த்து நின்றாள். உள்ளே மஞ்சள் சட்டைகளையும் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஹாட் டாக் விக்கவும் யாராவது சும்மா வருவாவளா?"

"வருவாங்கம்மா. ஏன் வரமாட்டாங்க?"

அவள் உள்ளேயும் போகாமல் எங்களோடும் சேராமல் கம்பி ஓரம் நின்றுகொண்டே இருந்தாள். ஷிப்ட் நேரம் தாண்டியது. உள்ளிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் சிவராமகிருஷ்ணன் வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காரை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்தார்.

"போதும் புஷ்பா, ஏறு. ஆத்துக்குப் போலாம்."

"அடுத்த சனிக்கிழமை நாலாம் கேட்டுலயும் உக்காருவோம் அண்ணா."

"அஞ்சு பேர் எத்தனை கேட்டுல உக்காருவேள்?"

அக்கா கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் சிமெண்டைக் கையால் துடைத்துவிட்டார்.

"ஆள் போறாதுதான். நீ உக்காரேன் அண்ணா."

அவர் உட்காரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஜெபினா ஏப்ரனை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.