கீரை ராணியின் நாற்றம்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் பனிக்காலம் வந்துவிட்டால் பரட்டைக்கீரை ஊர்வலம் போகாத அலுவலகம் கிடையாது. கைவண்டியில் சாராயப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு வயல்வெளியில் நடப்பார்கள். கடைசியில் ஒரு விடுதிக்குள் புகுந்து, கீரையும் கொழுத்த தொத்திறைச்சியுமாக வெளுத்துக் கட்டுவார்கள். அதிகம் தின்றவருக்கு மகுடம். நுண்ணுயிர் ஆய்வகத்தின் இந்த வருடக் கீரை ராணி வீப்கே. ஐந்தாவது தட்டில்தான் மகுடம் அவள் தலைக்கு வந்தது.

மறுநாள் காலை ஆய்வறையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

பக்கத்து மேசைக்காரன் ஹௌகே எழுந்துபோய் ஒரு ஜன்னலைத் திறந்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும். வெளியே பனி உறைந்து கிடந்தது.

"உனக்குக் குளிரலையா?" என்றாள் வீப்கே.

"குளிருது. ராணிக்காக இதுகூடத் தாங்கலைன்னா எப்படி?"

வீப்கேக்கு முகம் சிவந்தது. தனக்கே தெரியாமல் காற்றுப் பிரிந்துவிட்டதோ என்று அவளுக்கும் சந்தேகம்தான். இரவெல்லாம் வயிறு உருட்டியது உண்மைதானே.

இத்தனைக்கும் அந்த நாற்றம் அவள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. அவள் மூன்று வருடமாக வளர்க்கும் பாக்டீரியாக்கள் எண்ணெய் தின்னிகள். மூச்சுவிட அவற்றுக்குக் காற்று வேண்டாம். கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டே போதும். எண்ணெயைத் தின்று, சல்பேட்டை இழுத்து, அழுகிய முட்டை நாற்றத்தை வெளியே விடும். ஆமையாவது பரவாயில்லை, அப்படியொரு மந்தமான வளர்ச்சி. இருப்பது ஒரே குப்பி. காற்றுப் பட்டால் மொத்தமும் நாசம். "இனி ஒரு தடவை நீ அஜாக்கிரதையா இருந்தா, குப்பி ஹௌகேகிட்ட போயிடும்" என்று பேராசிரியர் ஓலன்டீக் அம்மாள் போன மாதம்தான் அவளை எச்சரித்திருந்தார். குப்பி போனால் வீப்கேயின் முனைவர் பட்டமும் கூடவே போகும்.

ஆனால் ரப்பர் அடைப்பால் இறுக மூடிய குப்பி நாறக் கூடாது. ஐந்து தட்டுக் கீரை தின்றவள் நாறலாம். ஆகவே யாருக்கும் குப்பியின் மேல் சந்தேகம் வரவில்லை.

வெட்கம் தாங்காமல் வீப்கே நடைகூடத்துக்குப் போய், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது நாற்றம் முன்பைவிடத் தூக்கலாக இருந்தது. அப்படியானால் நானில்லை! அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. நானில்லை என்றால் வேறு யார்?

ஓடிப்போய், குப்பி இருந்த சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். குப்பியின் அடைப்பில் ஊசி குத்தியபடியே நின்றது. நேற்று சோதனைக்காக ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே கைவண்டியோடு நின்றவர்கள் போட்ட கூச்சலில் அதை உருவாமல் ஓடியிருக்கிறாள். ஊசித் தலையிலிருந்த குட்டித் திருகும் சரியாக மூடியிருக்கவில்லை.

காற்று புகுந்தால் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஒன்று குப்பிக்குள் கலந்திருந்தது. வீப்கே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். சிவக்கவில்லை. உள்ளே அழுத்தம் இருந்ததால் நாற்றம் வெளியே வந்ததே தவிர, காற்று உள்ளே போகவில்லை. தப்பித்தவறிப் புகுந்த கொஞ்சக் காற்றையும் அந்த நாற்ற வாயுவே தீர்த்துக்கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன்கள்மேல் அவளுக்குப் பாசம் பொங்கி வந்தது. ஊசியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன நாத்தம் இது?" வாசலில் ஓலன்டீக் அம்மாள். "குப்பி ஏதாவது கசியுதா?"

ஹௌகே ஆவலோடு நிமிர்ந்தான்.

வீப்கே சூட்டுப்பெட்டியைச் சாத்தினாள். "இல்ல மேடம். நான்தான்."

"நீயா?"

"அஞ்சு தட்டு மேடம். இன்னும் அடங்கல."

ஓலன்டீக் அம்மாள் மெல்லப் பின்வாங்கினார். "சரி சரி. உடம்பப் பாத்துக்கோ" என்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஹௌகே எழுந்து மூன்றாவது ஜன்னலையும் திறந்தான். வீப்கே கோட்டை மாட்டிக்கொண்டு, நடுங்கியபடி, மகாராணிபோல் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மானம் கப்பலேறிவிட்டது; குப்பி அவளுடையதாகவே இருந்தது.