வாடகைக்கு இருந்தவர்

கோர்ட்டில் முதலில் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் என்னைப் பற்றித்தான் கேட்டார்கள்.

என்னோடு வாழ்ந்தவள் வேலை பார்த்தது பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். ஈர விரிப்பைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கட்டை உண்டு. அதில் கை பட்டால் மெஷின் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நிற்கும். அடிக்கடி நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று மேஸ்திரி அந்தக் கட்டையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டான். சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள்.

"அவுத்துவிடச் சொல்லேன்."

"சொன்னா நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தி நிப்பா. நீ சாப்பிடு."

அந்த வாரமே அவள் கை உள்ளே போனது. கையோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆளே போய்விட்டாள்.

அவளுக்கு மயக்கம் வந்ததாம், அவளாகவே விழுந்தாளாம். கம்பெனி சொன்னது இது. நான் போய்ப் பார்த்தபோது கட்டையில் கம்பி இல்லை. கம்பி இருந்த இடத்தில் துரு மட்டும் வளையமாக இருந்தது. மேஸ்திரியை ஒரு நீதிபதிக்கு முன்னால் நிறுத்தி, "கட்டினது யார்?" என்று ஒருத்தர் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வக்கீல் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறையில் இருந்தார். கோட்டின் முழங்கை நைந்திருந்தது. நைந்த கோட்டுக்காரனை நம்பலாமா, புதுக் கோட்டுக்காரனை நம்பலாமா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

"இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும் பெரியவரே?"

"நான் அவளோட இருந்தவன்."

"கல்யாணம்?"

"அவளுக்கு ஏற்கெனவே ஆயிருந்துச்சு. அந்த ஆளு கைக்குழந்தையையும் இவளையும் விட்டுட்டு எங்கேயோ போயிட்டான். இருக்கானா செத்தானான்னே தெரியாது. அப்புறம் எங்க தாலி கட்டறது?"

வக்கீல் பேனாவை மூடினார். "அவங்க புருஷன் வழக்குப் போடலாம். பொண்ணு போடலாம். கூட இருந்தேன்னு வர்றவங்க எல்லாம் போட முடியாது. நீங்க அந்தக் குடும்பத்துல ஒருத்தர்னு முதல்ல காட்டணும். அப்புறந்தான் மெஷின், கம்பி எல்லாம்."

"பொண்ணு வந்து சொன்னாப் போதுமா?"

"அதைவிட வேற என்ன வேணும்?"

பாப்பாவிடம் போனேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு அவள் பாப்பாதான். நடக்கப் பழகின நாளிலிருந்து என் தோளில் வளர்ந்தவள். என் பஞ்சர் கடையில் பழைய டயருக்குள் உட்காரவைத்துத்தான் அவளுக்குச் சோறூட்டினேன்.

"கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்னால கோர்ட்டுக்கு அலைய முடியாதுப்பா. நீ போடு. நான் வந்து சொல்றேன்."

யார் நோட்டு நீட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள் நான். அவள் வார்த்தையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளில் பாப்பா வந்தாள். கூட மாப்பிள்ளை. நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர் அன்றைக்கு மடிப்புக் கலையாத நீலச் சட்டை போட்டிருந்தார். "என்ன மாப்ளே, புதுசா?" என்றேன். "ஆமா மாமா" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

கம்பெனி வக்கீல் நல்ல மரியாதைக்காரர். பாப்பாவிடம் தங்கையிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"இவர் உங்க வீட்ல இருந்தாரா?"

"இருந்தாரு."

"வீடு யாருது?"

"எங்கம்மாவோடது. தாத்தா குடுத்தது."

"இவர் எந்த முறையில இருந்தாரு?"

பாப்பா என் பக்கம் திரும்பவில்லை. "வாடகைக்கு இருந்தவரு."

"வாடகை குடுத்தாரா?"

"குடுத்தாரு. ஒண்ணாந்தேதி ஆனா அம்மா கையில குடுப்பாரு. நானே பாத்திருக்கேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அந்த வீட்டுக்குப் போன புதிதில், ஊர் வாய்க்குப் பயந்து, பின்னறைக்கு வாடகைக்கு வந்திருப்பதாகத் தெருவில் சொல்லி வைத்தோம். ஊர் ஒரே மாதத்தில் தெரிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டது. நாங்கள்தான் அதை விடவில்லை. ஒண்ணாந்தேதி என் சம்பாத்தியத்தை அவள் கையில் வைத்து, "இந்தாங்கம்மா வாடகை" என்பேன். "போன மாசப் பாக்கி எங்க?" என்று அவள் இடுப்பில் கை வைப்பாள். பாப்பா பாடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு, "அம்மா, இந்தாளு சரியில்ல, காலி பண்ணச் சொல்லு!" என்று கத்துவாள். மூன்று பேரும் சிரிப்போம். ஒவ்வொரு மாதமும் அதே பேச்சு, அதே சிரிப்பு. எங்கள் வீட்டில் வேறு பண்டிகை கிடையாது.

நான் எழுந்து, "அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றேன். "உங்க வக்கீல் பேசுவார், உட்காருங்க" என்றார் நீதிபதியம்மா. என் வக்கீல் என்னென்னவோ பேசினார். ஒன்றும் நிற்கவில்லை. வழக்குப் போட எனக்கு உரிமை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். கம்பி என்ற சொல் அந்த அறையில் ஒரு தடவைகூட வரவில்லை. மேஸ்திரி கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே பாப்பாவைப் பிடித்தேன். "ஏன் பாப்பா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? எங்கம்மா கட்டாம ஒருத்தரோட இருந்தான்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லணுமா? அவ மானம் போகாதா?"

அரை நிமிடம் நம்பினேன். பிறகு மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை வேன். பக்கவாட்டில் சலவைக்கூடத்தின் பெயர். மாப்பிள்ளை சட்டையின் அதே நீலத்தில். பாப்பா அதில் ஏறிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் மடித்த விரிப்புகள் அடுக்கியிருந்தன. எந்த மெஷினில் தேய்த்தது என்று கேட்க வேண்டியதில்லை.

என் வக்கீல் தோளைத் தட்டினார். "ஒண்ணு பெரியவரே. நீங்க வாடகைக்காரர்னு வீட்டுக்கு வாரிசான பொண்ணே கோர்ட்ல சொல்லிட்டாங்க. இனிமே வழக்குப் போடாம உங்கள வெளிய அனுப்ப முடியாது. அதுல உங்களுக்கு நிக்க எடம் இருக்கு."

அது கேலியா ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் வேண்டாம் என்று நடந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் இருவரும் வந்தார்கள். பாப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, நேரே சொல்லாமல் சுவரைத் தடவினாள்.

"ஒழுகுதே இது."

"ஒழுகுது."

"வித்துடலாம்னு இவரு சொல்றாரு. நீ கடைப் பக்கமே ஒரு ரூம் பாத்துக்கலாம்ல?"

நான் உள்ளே போய், அந்த மாதம் கடையில் வந்ததை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

"என்னது இது?"

"வாடகை. ரசீது குடு. அப்படியே கூரையையும் சரி பண்ணிக் குடு. இல்லன்னா கோர்ட்டுக்குப் போவேன். இந்தத் தடவ நீ யாருன்னு அங்க என்னைக் கேக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை, "மாமா, குடும்பத்துக்குள்ள எதுக்கு…" என்று ஆரம்பித்தார்.

"எந்தக் குடும்பம்?"

அவர் மறுபடி கூரையைப் பார்த்தார். இந்தத் தடவை அங்கே பார்க்க ஓட்டை இருந்தது.

பாப்பாவின் விரல் பணத்தின் மேல் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. "அப்பா…" என்றாள். "அப்பா, இப்படிப் பண்ணாதப்பா."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அன்றைக்கு அந்தப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் மேஸ்திரி கூண்டில் ஏறியிருப்பான். இப்போது அதைக் கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

"ரசீது" என்றேன்.