தலையசைத்தால் ஒரு டிக்

ஒன்பதரை மணிக்குத் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, மதிவதனி விடுதியின் மொட்டைமாடி அறை வாசலில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பாள். எதிரே நாற்காலியில் அந்த வெள்ளைக்கார அம்மா இருப்பார். மௌன விரதம் என்று இங்கிலீஷில் எழுதிய அட்டை அவர் கழுத்தில் தொங்கும். ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் சாலையில் அப்படி அட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஹெவி ரெயின்," என்பாள் மதி. "பிக் ரெயின் இல்ல. ஹெவி ரெயின்."

அந்த அம்மா தலையசைப்பார். மதி அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவாள்.

படி ஏறி இறங்கி அவளுடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் மூன்று மாடிக்கு வாளி தூக்கினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் விடுதியின் வரவேற்பு மேஜையில் இருந்த ஷோயப்புக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மதி முதலாளி ஹபீப் முகம்மதுவிடம் போய் நின்றாள்.

"பத்தாவது படிச்சிருக்கேன் பாய். அந்த வேலய எனக்குக் குடுங்க."

"வர்றவங்ககிட்ட இங்கிலீஷ் பேசணுமேம்மா," என்றார் அவர். "சரி, ஷோயப் போக ரெண்டு மாசம் இருக்குது. அதுக்குள்ள கத்துக்கினு ஒரு கெஸ்ட்கிட்ட பேசிக் காட்டு. பேசிட்டன்னா அந்த சீட் உனக்கு."

தனித்தனிச் சொல்லாகப் படித்தால் பேச வராது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று ஜோடியாகப் படியுங்கள் என்று செல்போன் வீடியோவில் ஒரு டீச்சர் சொன்னார். மதி தினமும் ஐந்து ஜோடி எழுதினாள். சொல்லிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. வேங்கிக்காலில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கணவர் இறந்து ஆறு வருடம். ஓசூரில் இருக்கும் மகள் அபிநயா போனை எடுத்தால், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். சில ஞாயிறுகளில் அதுவும் வராது.

ஒரு நாள் மாடியைப் பெருக்கிக்கொண்டே "டேக் எ ரெஸ்ட், டேக் எ ரெஸ்ட்" என்று முணுமுணுத்தபோது அந்த அம்மா கதவைத் திறந்தார். சிரித்து, உட்காரும்படி கை காட்டினார். அப்படித்தான் ஆரம்பித்தது.

சோதனைக்கு முந்தின நாள் நோட்டில் இருநூறு டிக்குக்கு மேல் சேர்ந்திருந்தது. மதி அதை ஷோயப்பிடம் காட்டினாள். "எல்லாம் மாடி ரூம் அம்மா கேட்டு ஓகே பண்ணது."

ஷோயப் சிரித்துவிட்டான். "இலோனாம்மாவா? யக்கா, அவங்க ஹங்கேரி. மௌனத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சோப்ப கையால தேச்சுக் காட்டித்தான் கேட்டாங்க. உன்ன விட அவங்களுக்கு இங்கிலீஷ் கம்மி."

"வெள்ளக்காரங்கதானே?"

"வெள்ளையா இருந்தா இங்கிலீஷ் வந்துடுமா? நீ டெல்லில போய் நின்னா இந்தி வந்துடுமா?"

அன்று இரவு அவள் நோட்டைப் பிரிக்கவில்லை. மறுநாள் காலை மாடி அறையைத் துடைத்துவிட்டுப் பேசாமல் வாளியை எடுத்தாள். நாற்காலியில் காத்திருந்த இலோனா நோட்டு எங்கே என்று சைகையில் கேட்டார்.

"வேணாம்மா. உங்களுக்கே தெரியாதாமே," என்றாள் மதி தமிழில்.

இலோனா அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னுடைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். பக்கம் பக்கமாக மதி சொன்ன ஜோடிகள், தேதி போட்டு, காதில் விழுந்தபடியே எழுதியிருந்தன. மழைக்குப் பக்கத்தில் ஒரு குடை வரைந்திருந்தது. இன்னொரு வரிக்குப் பக்கத்தில் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

மதி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலையசைப்பு சரி என்பதற்கில்லை, கேட்கிறேன், மேலே சொல் என்பதற்கு. இரண்டு மாதமாக அவள் பேச்சை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஓசூரில்கூட அதற்கு ஆள் இல்லை. அண்ணாமலையார் யார் முகத்தில் வந்து கேட்பார் என்று நமக்கு எங்கே தெரிகிறது? அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

பதினொரு மணிக்குப் புனேயிலிருந்து ஒருவர் வந்தார். கிரிவலம் நடந்தே போகலாமா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எஸ் சார். எஸ்டர்டே ஹெவி ரெயின். ரோடு..."

நாக்கு நின்றது. மேஜைக்குப் பக்கத்தில் நின்ற பாய் தலை குனிந்துகொண்டார். எதிரே ஒரு நாற்காலி இருப்பதாக, அதில் ஒரு தலை மெல்ல அசைவதாக மதி நினைத்துக்கொண்டாள்.

"ரோடு வெட். கோ ஸ்லோ. டேக் எ ரெஸ்ட். ப்ளீஸ் டேக் கேர்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"தப்புத் தப்பாத்தான் பேசற," என்றார் பாய். "ஆனா பயந்து ஓடல. நாளைக்கு வந்து உக்காரு. தப்ப அப்புறம் பாத்துக்கலாம்."

மதி அபிநயாவைக் கூப்பிட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

பத்தாம் நாள் இலோனா பையோடு கீழே வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. மேஜைக்கு முன் நின்று வாயைத் திறந்தார். மூன்று மாதம் புழங்காத குரல் கரகரத்தது.

"ஹெவி ரெயின்."

அப்படியே மதி சொல்கிற மாதிரி. வெளியே வெயில் கொளுத்தியது. மதி தலையசைத்தாள்.

இலோனா அவளுடைய முழங்காலைக் காட்டினார். "டேக் எ ரெஸ்ட்."

மதி மறுபடியும் தலையசைத்தாள்.

ஆட்டோ போன பிறகு பதிவேட்டில் மாடி அறை காலி என்று எழுதினாள். பிறகு தன் நோட்டை எடுத்து, அந்த இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டாள்.